ஒரே மனிதர், மூன்று அறிக்கைகள்: அட்ரினல் கட்டிக்கான இரத்தப் பரிசோதனைகளை எவ்வாறு படிப்பது?

கேள்வி:

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா அவர்களுக்கு வணக்கம். நாங்கள் டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறோம். என் கணவருக்கு வயது 54. துறைமுகத்தில் ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு என்று மாறி மாறி வேலை. பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். சென்ற ஆண்டு சிறுநீரகக் கல்லுக்காக சி.டி. ஸ்கேன் எடுத்தபோது, இடப்பக்க அட்ரினல் சுரப்பியில் 1.7 செ.மீ. அளவில் ஒரு கட்டி இருப்பது தெரிந்தது. அடர்த்தி 6 என்று அறிக்கையில் எழுதியிருக்கிறார்கள். அது ஹார்மோன் சுரக்கும் கட்டியா என்று அறிய மூன்று பரிசோதனைக்கூடங்களில் இரத்தம் கொடுத்தோம்.

முதல் முறை புரட்டாசி விரதத்தின்போது. எனலாபிரில், ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரைகளைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அல்டோஸ்டிரோன் 390, ரெனின் 14, விகிதம் 28, பொட்டாசியம் 3.3. 'இயல்பு' என்றார்கள். இரண்டாம் முறை ஜனவரியில். மாத்திரையை அட்டெனலாலுக்கு மாற்றியிருந்தார்கள். முட்டி வலிக்கு ஐபுபுரூஃபெனும் சாப்பிட்டார். அல்டோஸ்டிரோன் 540, ரெனின் 3, விகிதம் 180, பொட்டாசியம் 3.6. 'கட்டிதான், அறுவை சிகிச்சை செய்துவிடலாம்' என்றார் ஒரு மருத்துவர். மார்ச்சில் வேறொரு மருத்துவர் மாத்திரைகளை டாக்சசோசினுக்கும் வெராபமிலுக்கும் மாற்றி, பொட்டாசியம் மாத்திரை கொடுத்து, ஐந்து வாரம் கழித்துப் பார்க்கச் சொன்னார். அல்டோஸ்டிரோன் வெறும் 11.2, ரெனின் 0.4, விகிதம் மறுபடியும் 28, பொட்டாசியம் 4.1. அறிக்கையில் எந்த நட்சத்திரக் குறியும் இல்லை. ஆனால் அந்த இடத்தில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. முதல் இடத்தில் செவிலியர் எல்லாக் குழாய்களையும் கவனமாகப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்தார். இங்கே ஒரு குழாயை மட்டும் பனியில் வைத்துவிட்டு, மற்றவற்றை மேசை மேலேயே விட்டுவிட்டார்கள்.

கார்டிசால் பரிசோதனையும் முதலில் 84, பிறகு 41. நார்மெட்டாநெப்ரின் சற்றுக் கூடுதல் என்கிறார்கள். எதை நம்புவது? கட்டி தானாகக் கரைந்துவிட்டதா? இருமலுக்கு அவர் குடிக்கும் அதிமதுரக் கஷாயம் இதற்குக் காரணமாகுமா? 24 வயது மகனுக்கும் சோதிக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

தேதி, மாத்திரையின் பெயர், குழாயை எங்கே வைத்தார்கள் என்பது வரை குறித்து எழுதியதற்கு முதலில் நன்றி. பரிசோதனைக்கூடத்தில் இருந்து அறிக்கைகளில் கையெழுத்திடும் என் போன்றவர்களுக்கு, நோயாளியின் பெயரும் வயதும் தவிர வேறொன்றும் எழுதப்படாத சீட்டுதான் பெரும்பாலும் வந்து சேர்கிறது. நீங்கள் எழுதியவற்றில் பாதியாவது அந்த மூன்று சீட்டுகளிலும் இருந்திருந்தால், இக்கடிதத்துக்கே தேவை இருந்திருக்காது.

கட்டி கரையவில்லை. மூன்று பரிசோதனைக்கூடங்களும் பொய் சொல்லவும் இல்லை. அவை அளந்தது மூன்று வெவ்வேறு நிலைகளில் இருந்த ஒரே உடலை. அதிலும் மூன்றாவது இடம் அளந்தது வேறொரு படியால். நம் பாட்டனார் காலத்தில் ஓர் ஊர் மரக்காலும் அடுத்த ஊர் மரக்காலும் ஒன்றாக இருந்ததில்லை. நெல் அதேதான், எண்ணிக்கைதான் மாறும். ஆகவே அந்த அலகுகளிலிருந்தே தொடங்குகிறேன்.

முதல் இரண்டு அறிக்கைகளில் அல்டோஸ்டிரோன் ஒரு லிட்டருக்கு இத்தனை பைகோமோல் என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வழக்கமாக அப்படித்தான் தருவோம். மூன்றாவது அறிக்கையின் எண்ணைப் பார்த்தால், ஒரு டெசிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் என்ற அலகில் அது தரப்பட்டிருக்கிறது என்பது தெளிவு. அறிக்கையில் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும், பாருங்கள். ஒரு நானோகிராம் அலகு 27.7 பைகோமோல் அலகுக்குச் சமம். எனவே 11.2 என்பது 310. ஐந்நூற்று நாற்பதிலிருந்து பதினொன்றுக்கு விழுந்ததாக நீங்கள் எண்ணியது, உண்மையில் 540-லிருந்து 310-க்கு இறங்கியது மட்டுமே.

ரெனினிலும் அதே கதை, இன்னும் சற்றுச் சிக்கலாக. ரெனினை இரண்டு வழிகளில் அளக்கலாம். இரத்தத்தில் ரெனின் என்ற பொருள் எவ்வளவு இருக்கிறது என்று நேரடியாக அளப்பது ஒன்று. அது மில்லியூனிட்டில் வரும். அந்த ரெனின் ஒரு மணி நேரத்தில் எவ்வளவு வேலை செய்கிறது என்று அளப்பது மற்றொன்று. அது ஒரு மணிக்கு இத்தனை நானோகிராம் என்று வரும். உங்கள் முதல் இரண்டு அறிக்கைகள் முதல் வகை, மூன்றாவது இரண்டாம் வகை. அப்படியானால் இரண்டு அறிக்கைகளில் 28 என்று ஒரே எண்ணாக வந்த விகிதம் என்ன ஆகிறது? பைகோமோலை மில்லியூனிட்டால் வகுக்கும் கணக்கில் ஏறக்குறைய 70-ஐத் தாண்டினால்தான் ஐயப்பட வேண்டும். அங்கே 28 என்பது எல்லைக்கு வெகு கீழே. நானோகிராம் கணக்கில் 20-ஐத் தாண்டினாலே ஐயப்பட வேண்டும். அங்கே அதே 28 எல்லைக்கு மேலே. ஒரே எண் ஓர் அறிக்கையில் 'இல்லை' என்கிறது, மற்றொன்றில் 'இருக்கலாம்' என்கிறது.

எல்லை மீறிய அளவுக்குப் பக்கத்தில் இடும் நட்சத்திரக் குறி ஏன் இல்லை என்று கேட்பீர்கள். அல்டோஸ்டிரோனை மட்டும் தனியாக எடுத்தால் 11.2 என்பது நலமான மனிதர்களிடமும் காணப்படும் அளவுதான். கணினி அதற்குக் குறி இடாது. ரெனின் 0.4 என்பதும் உப்பு அதிகம் உண்ணும் பலரிடம் காணப்படும். ரெனின் இவ்வளவு அடங்கிக் கிடக்கும்போது அல்டோஸ்டிரோனும் கூடவே அடங்கியிருக்க வேண்டும், அது அடங்கவில்லை என்பதே இங்குள்ள செய்தி. தனித்தனி வரிகளைப் பார்த்துக் குறியிடும் கணினிக்கு அது தெரியாது. என்னைக் கேட்டால், இந்த இணைச் சோதனைக்குத் தானியங்கிக் குறியே போடக் கூடாது. மனிதர் ஒருவர் படித்து இரண்டு வரி எழுத வேண்டும். பல இடங்களில் அது நடப்பதில்லை என்பதை என் துறையின் குறையாகவே ஒப்புக்கொள்கிறேன்.

இனி, அந்த மூன்று நாட்களிலும் உங்கள் கணவரின் உடல் எந்நிலையில் இருந்தது என்று பார்ப்போம். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பியின் வெளிப்புற அடுக்கு அல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. உடலில் உப்பும் நீரும் குறைந்தால் சிறுநீரகம் ரெனினை வெளியிடும். ரெனின் தொடங்கிவைக்கும் ஒரு சங்கிலி அட்ரினலைத் தூண்டும். அல்டோஸ்டிரோன் உப்பைத் தேக்கிப் பொட்டாசியத்தை வெளியேற்றும். சுரப்பியில் உண்டாகும் கட்டி யாருடைய கட்டளைக்கும் காத்திராமல் தானே அல்டோஸ்டிரோனைக் கொட்டினால், உப்பு தேங்கும், அழுத்தம் ஏறும், சிறுநீரகம் ரெனினை நிறுத்திவிடும். அமெரிக்க மருத்துவர் ஜெரோம் கான் 1955-இல் விவரித்த நோய் இது. ஆகவே ரெனினை ஏற்றிவிடும் எதுவும் நோயை மறைக்கும்; ரெனினை இறக்கிவிடும் எதுவும் இல்லாத நோயை இருப்பதாகக் காட்டக்கூடும். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் மூன்று அறிக்கைகளையும் நீங்களே படித்துவிடலாம்.

முதல் பரிசோதனையில் ரெனினை ஏற்றக்கூடியவை எத்தனை இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். எனலாபிரில் ஏற்றும். ஹைட்ரோகுளோரோதயசைடு ஏற்றும். புரட்டாசி விரதத்தில் வழக்கமான கருவாடும் டின் மீனும் இறைச்சியும் நின்று, உப்புக் குறைந்திருந்தால் அதுவும் ஏற்றும். போதாக்குறைக்கு, நீங்கள் பாராட்டிய அந்தப் பனிக்கட்டிப் பெட்டி. இரத்தத்தில் ரெனினைக் காட்டிலும் பல மடங்கு அதிகமாக, இன்னும் முழுமை பெறாத முன்ரெனின் என்ற பொருள் இருக்கிறது. உறையாத இரத்தத்தைப் பனிக்கட்டியின் குளிரில் வைத்திருந்தால் முன்ரெனினில் ஒரு பகுதி ரெனினாகவே கணக்கில் சேர்ந்து, அளவைப் பொய்யாக ஏற்றும். எனவே ரெனினுக்கான குழாயை அறை வெப்பத்தில் வைத்து, மையவிலக்கியில் சுழற்றி, பிரித்தெடுத்த பிளாஸ்மாவை உடனே விரைவாக உறையவைக்க வேண்டும். அட்ரினலின் மற்றொரு ஹார்மோனான கார்டிசாலைத் தூண்டும் ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனுக்கோ நேர் எதிர்: அது வெப்பத்தில் சிதையும், அதனால் பனியில் வைத்தே கொண்டுபோக வேண்டும். மூன்றாம் இடத்தில் ஒரு குழாயை மட்டும் பனியில் வைத்து மற்றவற்றை மேசையில் விட்டவர் வேலை தெரிந்தவர் என்றே எனக்குப் படுகிறது. எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடுக்கியவர் அன்போடு செய்த தவறு அது. நான் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒரு மருத்துவமனையிலிருந்து வந்த ரெனின் முடிவுகள் மட்டும் மாதக்கணக்கில் உயர்ந்தே இருந்ததைப் பார்த்துக் கருவியைப் பழுதுபார்க்கச் சொன்னோம். பிறகுதான் அங்கே ஒரு புதிய பணியாளர் மிகுந்த அக்கறையோடு எல்லாக் குழாய்களையும் பனியில் புதைத்து அனுப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது.

அதே முதல் பரிசோதனையில் பொட்டாசியம் 3.3. பொட்டாசியம் குறைந்தால் அட்ரினல் தானாகவே அல்டோஸ்டிரோனைக் குறைத்துக்கொள்ளும். கட்டி இருந்தாலும் அளவு சற்றுத் தாழ்ந்தே வரும். ஆக, ரெனினை மேலே தள்ள நான்கு, அல்டோஸ்டிரோனைக் கீழே இழுக்க ஒன்று. ஐந்தும் நோயை மறைக்கும் பக்கமே சாய்ந்தன. எனலாபிரிலும் தயசைடும் சேர்ந்து உண்ணும் ஒருவருக்கு ரெனின் பொதுவாக நன்றாக ஏறியிருக்க வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும் 14-லேயே நின்றது எனக்கு ஐயத்தைத்தான் தருகிறது. அந்த அறிக்கையில் 'இயல்பு' என்று எழுதியிருக்கக் கூடாது. 'இந்நிலையில் தீர்ப்புச் சொல்ல இயலாது' என்பதே சரியான வாசகம்.

இரண்டாம் பரிசோதனையில் காற்று எதிர்த்திசையில் அடித்தது. அட்டெனலால் ரெனினைக் குறைக்கும். ஐபுபுரூஃபெனும் குறைக்கும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு விடுமுறையில் பில்டாங் என்ற உப்பிட்டு உலர்த்திய இறைச்சி, மாங்காய் ஊறுகாய், சுட்ட இறைச்சி என்று உப்பு ஏறியிருந்தால் அதுவும் குறைக்கும். வகுக்கும் எண் சிறுத்தால் விகிதம் வீங்கும். 540-ஐ 3-ஆல் வகுத்தால் 180, அதே 540-ஐ 6-ஆல் வகுத்திருந்தால் 90. ஆகவே 180 என்ற எண்ணைக் கண்டு அறுவை சிகிச்சைக்கு நாள் குறிப்பது அவசரம். ஆனால் அந்த அறிக்கையைத் தூக்கி எறியவும் மாட்டேன். உப்பு மிகுந்த நாட்களில் நலமானவரின் அல்டோஸ்டிரோன் நன்கு தாழ்ந்திருக்கும். விருந்து உண்ட மனிதரிடம், அதுவும் அட்டெனலால் உண்பவரிடம், அது 540 இருந்தது என்பது, விகிதத்தை மறந்துவிட்டுப் பார்த்தாலும் கவனிக்கத்தக்கது.

இங்கே நம் நாட்டுக்குரிய ஒரு செய்தியையும் சொல்ல வேண்டும். ரெனின் தாழ்ந்திருப்பது மட்டுமே கட்டிக்கு அடையாளம் ஆகாது. ஆப்பிரிக்க வம்சாவளியினரிடம் கட்டி இல்லாமலே ரெனின் தாழ்ந்த இரத்த அழுத்தம் மிகுதி. சிறுநீரகக் குழலில் உப்பை உறிஞ்சும் வாயிலில் ஏற்படும் ஒரு மரபணு மாற்றம் தென்னாப்பிரிக்கர்களிடமே கண்டறியப்பட்டிருக்கிறது. அதை உடையவர்களுக்கு ரெனினும் குறைவு, அல்டோஸ்டிரோனும் குறைவு, ஆனால் அழுத்தம் அதிகம். இத்தகையோரிடம் ரெனின் 1, அல்டோஸ்டிரோன் 120 என்று வந்தால் விகிதம் 120 என்று மிரட்டும், நோயோ அதுவன்று. இதனால்தான் விகிதத்தோடு அல்டோஸ்டிரோனுக்கும் ஒரு கீழெல்லை வைத்திருக்கிறோம்.

அந்தக் கீழெல்லையும் அளக்கும் முறையைப் பொறுத்ததே. பெரும்பாலான பரிசோதனைக்கூடங்கள் அல்டோஸ்டிரோனை இம்யூனோ அஸ்ஸே என்ற முறையில் அளக்கின்றன: ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்புரதம் ஒன்றை வைத்துச் செய்யும் சோதனை. அந்த எதிர்ப்புரதம் சில வேளைகளில் அல்டோஸ்டிரோனைப் போன்ற வேறு பொருள்களையும் பற்றிக்கொள்ளும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறை மூலக்கூறின் எடையைக் கொண்டே ஆளை அடையாளம் காண்பதால் அத்தகைய கலப்பு குறைவு. அதில் எண்கள் பொதுவாகத் தாழ்ந்தே வரும். 2025-இல் வெளியான அமெரிக்க அகச்சுரப்பியல் சங்கத்தின் வழிகாட்டுதல், இம்யூனோ அஸ்ஸே முறையில் 277 பைகோமோலையும், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில் 208 பைகோமோலையும் எல்லையாக வைக்கிறது. மூன்றாம் இடம் எந்த முறையில் அளந்தது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எந்த முறையானாலும் 310 என்பது எல்லைக்கு மேல்தான். அது மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியாக இருந்தால், அதே இரத்தம் மற்ற இடத்தில் இன்னும் கூடுதலாக அளவிடப்பட்டிருக்கும் என்றே கொள்ள வேண்டும்.

எனவே என் தீர்ப்பு இது: மூன்றில் நம்பத்தக்கது மூன்றாவதே. டாக்சசோசினும், மெல்லக் கரையும் வகை வெராபமிலும் இச்சோதனையை மிகக் குறைவாகவே பாதிக்கும் மருந்துகள், பழைய மாத்திரைகளின் பாதிப்பு நீங்க ஐந்து வாரம் போதுமானது, பொட்டாசியம் சரிசெய்யப்பட்டிருந்தது, குழாய்கள் முறையாகக் கையாளப்பட்டன. அந்தச் சோதனை, அல்டோஸ்டிரோன் கட்டளைக்குக் கட்டுப்படாமல் சுரக்கிறது என்ற பக்கமே சாய்கிறது. நீங்கள் எதை நம்பவில்லையோ, எதை 'இயல்பு' என்று எடுத்துக்கொண்டீர்களோ, அந்த அறிக்கையே இவற்றில் பொருள் உள்ள அறிக்கை.

ஆயினும் அதை ஒருமுறையேனும் மீண்டும் செய்யுங்கள். அதே பரிசோதனைக்கூடத்தில், அதே மருந்துகளோடு. தரச்சான்று பெற்ற ஒரு நல்ல பரிசோதனைக்கூடத்தில் ஒரே இரத்தத்தைப் பலமுறை அளந்தால் வரும் வேறுபாடு பொதுவாக 10 விழுக்காட்டுக்குள் அடங்கும். உறுதியாக இந்நோய் உள்ள ஒருவரின் அல்டோஸ்டிரோனோ நாளுக்கு நாள் 30 விழுக்காடு அளவுக்கு ஏறி இறங்கும். ஒரு நாள் எல்லைக்குக் கீழேயும் போய்விடும். ஆகவே கருவியின் தவறு என்று நாம் சந்தேகிப்பதில் பெரும்பகுதி உடலின் இயல்பான அலைவே. இரத்தம் கொடுக்கும் நாளில் அவர் காலையில் எழுந்து இரண்டு மணி நேரமாவது நடமாடியிருக்க வேண்டும். பிறகு ஐந்து முதல் பதினைந்து நிமிடம் நாற்காலியில் அமர்ந்து கொடுக்க வேண்டும். உப்பைக் குறைக்க வேண்டாம்; விரத மாதங்களைத் தவிருங்கள். இரவு வேலை வாரத்தையும் தவிருங்கள், ஏனெனில் விடிய விடிய விழித்திருந்தவருக்குக் காலை எட்டு மணி காலை அன்று.

பொட்டாசியத்துக்குத் தனியாக ஒரு எச்சரிக்கை. நரம்பு தெரிவதற்காகக் கையை மூடி மூடித் திறக்கச் சொல்வார்கள்; கையில் கட்டும் பட்டையை இறுக்கி நெடுநேரம் வைப்பார்கள்; இரண்டும் பொட்டாசியத்தைப் பொய்யாக உயர்த்தும். அணுக்கள் உடைந்த இரத்தமும், பிரிக்காமல் குளிரில் வைத்த இரத்தமும் அப்படியே. டர்பனின் பிப்ரவரி வெயிலில் ஒரு வண்டிக்குள் கிடந்த குழாயிலோ பொட்டாசியம் அணுக்களுக்குள் புகுந்து, அளவு பொய்யாகத் தாழும். ஆகவே பொட்டாசியம் 'சரியாக' இருக்கிறது என்பதை வைத்து இந்நோயை ஒதுக்கிவிடக் கூடாது. எப்படியும் இந்நோய் உள்ளவர்களில் பெரும்பாலோருக்குப் பொட்டாசியம் இயல்பாகவே இருக்கும்.

அதிமதுரத்தைப் பற்றிக் கேட்டது மிகப் பொருத்தமான கேள்வி. பல மருத்துவர்கள் கேட்க மறப்பதும் அதையே. சிறுநீரகத்தில் அல்டோஸ்டிரோன் அமர வேண்டிய இடத்தில் கார்டிசால் வந்து அமர்ந்துவிடாமல் காக்கும் நொதி ஒன்று உண்டு. அதிமதுரம் அந்தக் காவலை முடக்கிவிடும். அப்போது கார்டிசாலே அல்டோஸ்டிரோனின் வேலையைச் செய்யும்: அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், ஆனால் இரத்தத்தில் ரெனினும் அல்டோஸ்டிரோனும் இரண்டுமே தாழ்ந்திருக்கும். உங்கள் கணவரின் அல்டோஸ்டிரோன் தாழவில்லை. எனவே அவருடைய நோய்க்கு அதிமதுரம் காரணமன்று. எனினும் எண்களைக் குழப்பும். மறுபரிசோதனைக்குக் குறைந்தது நான்கு வாரத்துக்கு முன்பே நிறுத்திவிடுங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர் நாள்தோறும் அதைக் குடிப்பது எப்போதுமே நல்லதன்று. கடையில் விற்கும் கறுப்பு லிக்கரிஸ் மிட்டாயும் அதே வேர்தான். முடி உதிர்வதற்கென்று பயோட்டின் மாத்திரை எதையாவது உண்கிறாரா என்றும் பாருங்கள். சில கருவிகள் பயோட்டினைப் பசையாகப் பயன்படுத்தி அளப்பவை; இரத்தத்தில் அது மிகுந்தால் சில ஹார்மோன்கள் பொய்யாக ஏறியும், சில பொய்யாக இறங்கியும் காட்டும். இரண்டு மூன்று நாள் முன்னதாக நிறுத்தினால் பெரும்பாலும் போதும்.

கார்டிசாலுக்கு வருகிறேன். இரவு பதினொரு மணியளவில், கார்டிசால் சுரப்பை அடக்கும் டெக்சாமெத்தசோன் மாத்திரை 1 மில்லிகிராம் உண்டு, மறுநாள் காலை எட்டு மணிக்கு இரத்தம் கொடுத்தால், நலமான சுரப்பி அடங்கி, கார்டிசால் 50 நானோமோலுக்குக் கீழே வர வேண்டும். 84 வந்தது எந்த வாரத்தில் என்று உங்கள் கணவரின் வேலை அட்டவணையைப் பாருங்கள். இரவு வேலையை முடித்துக்கொண்டு நேராக வந்து கொடுத்திருந்தால் எனக்கு வியப்பில்லை. இச்சோதனையில் நேரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே பக்கமே சாயும்: மாத்திரையை மறந்தால், நேரம் தவறினால், தூக்கம் கெட்டால், உடலுக்கு வேறு நோய் வந்திருந்தால், அளவு கூடும். வலிப்புக்கான ஃபெனிடோயின், கார்பமசெபின், காசநோய்க்கான ரிஃபாம்பிசின் ஆகியவை டெக்சாமெத்தசோனை விரைவில் கரைத்துவிடுவதாலும் அளவு கூடும். காசநோய் மலிந்த இந்நாட்டில் அதை எப்போதும் கேட்க வேண்டும். கருத்தடை மாத்திரை உண்ணும் பெண்களுக்கும் அப்படியே. பொய்யாகக் குறைவது அரிது. ஆதலால் 84-ஐயும் 41-ஐயும் கூட்டிச் சராசரி பார்க்காமல், 41-ஐ ஏற்றுக்கொள்வேன். நள்ளிரவு உமிழ்நீர்ச் சோதனை என்று யாரேனும் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முறை வேலை செய்பவருக்கு அது பொருந்தாது.

நார்மெட்டாநெப்ரின் பற்றிக் கவலை வேண்டாம். அட்ரினலின் உட்பகுதியில் உண்டாகும் ஃபியோகுரோமோசைட்டோமா என்னும் கட்டியைத் தேடும் சோதனை அது. அறுவை சிகிச்சை மேசையில் உயிருக்கே ஆபத்தானது என்பதால் அதைத் தேடுவதில் தவறில்லை. ஆனால் முறைப்படி இருபது முப்பது நிமிடம் படுத்திருந்து இரத்தம் கொடுக்க வேண்டும். உட்கார்ந்து கொடுத்தாலே அளவு சற்று ஏறும். உண்மையான கட்டியில் அது பெரும்பாலும் எல்லையைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் கணவரின் ஸ்கேன் அறிக்கையிலுள்ள 6 என்ற அடர்த்தி இங்கே உதவுகிறது. சாயம் ஏற்றாமல் எடுத்த ஸ்கேனில் கட்டி முழுவதும் சீராக 10 ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு (ஸ்கேனில் அடர்த்தியைக் குறிக்கும் அலகு) மிகாமல் இருந்தால், அது கொழுப்பு நிறைந்த, தீங்கற்ற, சுரப்பியின் வெளிப்பகுதிக் கட்டி. ஃபியோகுரோமோசைட்டோமாவும் அன்று, புற்றுநோயும் அன்று. சிறுநீரகக் கல்லுக்காக எடுக்கும் ஸ்கேன் சாயமின்றி எடுக்கப்படுவதே வழக்கம் என்பதால் அந்த 6-ஐ நம்பலாம்.

அடுத்து என்ன செய்வது? மறுபரிசோதனையும் அதே பக்கம் சாய்ந்தால், உறுதிப்படுத்தும் சோதனையாக நான்கு மணி நேரத்தில் இரண்டு லிட்டர் உப்புக் கரைசலை நரம்பு வழியாக ஏற்றி, அல்டோஸ்டிரோன் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். இதயம் பலவீனமாக இருந்தாலோ அழுத்தம் கட்டுக்கு அடங்காமல் இருந்தாலோ அதைச் செய்யக் கூடாது. கேப்டோபிரில் மாத்திரை கொடுத்துச் செய்யும் மாற்றுச் சோதனை உண்டு.

அதன் பிறகும் நேராக அறுவை சிகிச்சைக்குப் போகாதீர்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அட்ரினலில் ஒன்றும் செய்யாமல் சும்மா இருக்கும் கட்டிகள் சாதாரணம். இடப்பக்கம் கட்டி தெரிகிறது என்பதால் அல்டோஸ்டிரோன் அங்கிருந்துதான் வருகிறது என்று பொருளாகாது. வலப்பக்கத்திலிருந்தோ இருபக்கத்திலிருந்தோ வரலாம். ஆகவே மெல்லிய குழாயைச் செலுத்தி இரு அட்ரினல் சிரைகளிலிருந்தும் தனித்தனியே இரத்தம் எடுத்து ஒப்பிட வேண்டும். வலப்பக்கச் சிரை சிறியது, பிடிபடுவது கடினம். கை தேர்ந்தவர்கள் எங்குமே குறைவு. எனவே ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள் என்று கேட்கத் தயங்காதீர்கள். குழாய் சரியான சிரையில்தான் இருந்ததா என்பதைக் கார்டிசால் அளவை வைத்தே முடிவு செய்வார்கள். கட்டி கார்டிசாலையும் சுரந்துகொண்டிருந்தால் அந்தக் கணக்கே பிழைத்துவிடும். 84-ஆ 41-ஆ என்பதைத் தீர்த்துக்கொண்டு போக வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகவே.

ஒரு பக்கம் மட்டும் என்று உறுதியானால் அந்தச் சுரப்பியை அகற்றலாம். பொட்டாசியம் ஏறக்குறைய எல்லோருக்கும் சரியாகும். மாத்திரையே வேண்டாத அளவுக்கு அழுத்தம் சீராவது மூன்றில் ஒருவருக்கே, மற்றவர்களில் பலருக்கு மாத்திரை குறையும். இருபக்கமும் என்றால் அறுவை சிகிச்சை கிடையாது, அல்டோஸ்டிரோனின் வேலையைத் தடுக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரைதான். அந்த மாத்திரையை இப்போதே தொடங்கிவிட யாரேனும் சொன்னால், சோதனைகள் முடியட்டும் என்று கேளுங்கள். தொடங்கிய பின் மறுபடி சோதிக்க வேண்டுமானால் குறைந்தது நான்கு வாரம் நிறுத்த வேண்டியிருக்கும். மருத்துவர் சொல்லாமல் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ மாற்றவோ வேண்டாம். கை கால் தளர்ந்தாலோ, இதயம் படபடத்தாலோ, அழுத்தம் 180-ஐத் தாண்டினாலோ, சோதனையைப் பற்றி யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

மகனைப் பற்றி: இந்நோயின் பரம்பரை வகைகள் அரியவை, பொதுவாக இருபது வயதுக்கு முன்பே அழுத்தம் தொடங்கும் குடும்பங்களிலும், நாற்பதுக்கு முன் பக்கவாதம் கண்ட குடும்பங்களிலும் தேடப்படுபவை. உங்கள் கணவருக்கு அழுத்தம் தொடங்கியது நாற்பத்திரண்டில். மகனுக்கு இப்போது ஹார்மோன் சோதனை எதுவும் வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் பார்த்தால் போதும். அது உயர்ந்திருந்தால், எந்த மாத்திரையும் தொடங்குவதற்கு முன்பே ரெனினுக்கும் அல்டோஸ்டிரோனுக்கும் இரத்தம் எடுக்கச் சொல்லுங்கள்.